விரல் ரேகை முதல் விவர அறிவிப்பு வரை

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரிக்கு ஆண்டுதோறும் பனிக்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஆர்வலர்கள் கரையில் நின்று அவற்றை இனம் இனமாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அதனால் பறவைகளுக்குக் கவலை ஒன்றும் இல்லை. பிழைப்பு நாடி வெளி மாநிலங்களில் வந்து இறங்கிய நம்மையும் எண்ணிக் குறித்துக்கொள்வோர் பலர். வீட்டுக்காரர் விவரம் கேட்கிறார். காவல் நிலையம் கேட்கிறது. வங்கி, எரிவாயு முகவர், கைப்பேசிக் கடை, பிள்ளைகளின் பள்ளி, எல்லோரும் கேட்கிறார்கள். சொந்த ஊரில் இன்னாருடைய மகன் என்று சொன்னாலே போதும். அயலூரிலோ நமக்காகத் தாள்தான் பேச வேண்டும். ஆகவே, நம் விவரங்களை வாங்குகிறவர்கள் நமக்கு என்ன சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்னும் கேள்வி, ஊரோடு இருப்பவரைவிட நமக்கு நெருக்கமானது.

சென்ற பனிக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மையார் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தஞ்சை மாவட்டத்தவர். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே காலமானவர். பணம் வருவதையும் போவதையும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று, விடுமுறைக்கு வந்த பெயரன் ஒரு செயலியைப் பதிந்து கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். திறந்த மாத்திரத்தில் அச்செயலி நெடியதோர் ஆங்கில வாசகத்தைக் காட்டி நின்றுவிட்டது. அடியில் ஒரு பொத்தான். 'ஒப்புகிறேன்' என்பது அதன் பொருள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி? படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

"இது கையெழுத்து இல்லை அம்மா. எல்லோரும் அழுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள்" என்றேன்.

"படித்துப் பார்த்துவிட்டா அழுத்துகிறார்கள்?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கோப்புகளை இந்தியில் பெயர்ப்பது என் தொழில். சட்ட வாசகங்களோடு பல்லாண்டு பழகியவன். ஆயினும் அவ்வகை அறிவிப்பு ஒன்றையேனும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நான் படித்ததில்லை. அன்று படித்தேன். இரவுச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்குப் 'பிரைவசி பாலிசி' என்று பெயர். தமிழில் 'தனியுரிமைக் கொள்கை' என வழங்குகிறார்கள். இத்தமிழாக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொள்கை என்றவுடன் நமக்கு உயர்ந்த இலட்சியம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கு இருப்பதோ, 'உம்மிடமிருந்து இன்னின்னதை எடுத்துக்கொள்வோம், இன்னாருக்குக் கொடுப்போம்' என்னும் வணிக வாசகம். 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை 'அறிவிப்பு' என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறது. அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். இவ்வறிவிப்பை இணையத்தளங்கள் தம் பெருந்தன்மையால் வைத்திருக்கவில்லை. வைத்தாக வேண்டும் என்று சட்டங்கள் கட்டளையிடுகின்றன. அச்சட்டங்களுக்கு மேலை நாடுகளில் வேர் காண்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் விவரம் வாங்கும் பழக்கத்தின் பெரியதோர் அத்தியாயம் நம் ஹூக்ளி நதிக்கரையிலேயே எழுதப்பட்டது. அங்கிருந்து தொடங்குவோம்.

சாந்த்ராகாச்சிக்குக் கிழக்கே ஓடும் ஹூக்ளி, வடக்கே பாகீரதி எனப் பெயர் பெறும். அதன் கரையில், முர்ஷிதாபாத் மாவட்டத்தில், ஜங்கிபூர் என்னும் ஊர் இருக்கிறது. 1858-ஆம் ஆண்டு அங்கே ஆட்சி அலுவலராக இருந்த இளைஞர் வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தம் வங்காள மொழியில் இருந்தது. கையெழுத்து வாங்கியதோடு நில்லாமல், கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, தாளின் பின்புறம் பதிக்கச் செய்தார் ஹெர்ஷல். 'இது என் கையெழுத்தன்று' எனப் பின்னால் மறுக்க முடியாதபடி அவரை அச்சுறுத்தி வைப்பதே தம் நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கோனாய் தயங்காமல் கையை நீட்டினார். புதுமையான காரியமாயிற்றே!

சரளை வந்து சேர்ந்தது; சாலையும் அமைந்திருக்கும். கைப்பதிவோ அத்தோடு ஓயவில்லை. ஹெர்ஷல் அதை ஆராயத் தொடங்கினார். பல ஆண்டுகள் பலருடைய ரேகைகளைச் சேர்த்தார். 1877-இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைக் கைதிகள் ஆகியோரிடம் விரல் பதிவு வாங்கும் முறையை நடத்திக் காட்டினார். இறந்தவர் பெயரால் வேறொருவர் ஓய்வூதியம் வாங்கும் மோசடியைத் தடுப்பது அதன் பயன்களுள் ஒன்று. இம்முறையை விரிவாக்க அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதத்தை மேலிடம் ஏற்கவில்லை. அவரும் மறு ஆண்டே இந்தியாவை விட்டுப் புறப்பட்டார்.

அதன் பிறகு அந்தக் கருத்துக் காவல்துறையின் கைக்கு வந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றி, ஆயிரக்கணக்கான ரேகைகளுள் ஒன்றை நொடியில் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறை ஒன்றை உருவாக்கினார். அதற்குரிய கணித உழைப்பின் பெரும்பகுதி அவரிடம் பணியாற்றிய இரு இந்தியர்களுடையது: அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ். பெயரோ 'ஹென்றி முறை' என்றே நிலைத்துவிட்டது. 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் நிறுவப்பட்டது. உலகிலேயே அவ்வகையில் முதலாவது என அதனைப் போற்றுவர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சரளைக்காக வாங்கிய கைப்பதிவு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. ஆராய்ச்சியின் பயன் ஓய்வூதியத்துக்கு வந்தது. அதிலிருந்து பிறந்த முறை குற்றவாளியைப் பிடிக்கும் கருவியாயிற்று. ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமானதாகவே தோன்றும். எந்தப் படியிலும் கையை நீட்டியவரிடம் 'இனி இதற்கும் பயன்படுத்துவோம்' என்று சொல்ல வேண்டுமென ஒரு சட்டமும் இல்லை. ஒரு காரியத்துக்கென்று பெற்ற விவரத்தை மற்றொரு காரியத்துக்கு எடுத்தாளலாகாது என்பது இக்காலத் தனியுரிமைச் சட்டங்களின் முதுகெலும்பு. அது ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கல்கத்தாவில் பிறந்த இக்கலை கடல் கடந்து சென்று தமிழரையே தீண்டியது. 1900-ஆம் ஆண்டு ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிவுறாத நிலையில், ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களில் காவல்துறையைச் சீரமைப்பது அவர் பணி. விரல் ரேகை முறையும் அவரோடு சென்றது. 1906-இல் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்ட நகலை வெளியிட்டது. அங்கே வாழும் இந்தியர் ஒவ்வொருவரும், எட்டு வயது கடந்த சிறுவர் உட்பட, பதிவு செய்துகொள்ள வேண்டும். விரல் ரேகைகளைக் கொடுக்க வேண்டும். அதிகாரி கேட்ட இடத்தில் பதிவுச் சீட்டைக் காட்ட வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் கூடிய இந்தியர்கள் இதற்கு அடிபணிவதில்லை என ஆணையிட்டனர். சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அதுவே என்பது யாவரும் அறிந்தது. அது பிறந்ததற்குக் காரணம் ஒரு பதிவேடு என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை.

அப்போராட்டத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்தவர், தமிழ் பேசுபவர். சிறை சென்றவர்களுள் தமிழர் தொகை மிகுதி என்பதைக் காந்தியடிகள் பன்முறை நன்றியோடு குறித்திருக்கிறார். 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸோடு ஓர் இணக்கம் ஏற்பட்டது: இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் கட்டாயச் சட்டம் விலக்கப்படும் என்பதே காந்தியடிகள் கொண்ட பொருள். பிப்ரவரி 10-ஆம் நாள் அவர் பதிவு அலுவலகம் நோக்கிப் புறப்பட்டார். நேற்றுவரை கூடாதென்ற விரல் ரேகையை இன்று கொடுப்பதா என்று வெகுண்ட மீர் ஆலம் என்னும் பட்டாணியர் வழியில் மறித்துத் தாக்கினார். காந்தியடிகள் நினைவிழந்து விழுந்தார். காக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். அடியின் நோவோடும் காந்தியடிகள் பதிவை முடித்துக்கொடுத்தார்.

அதே விரல், அதே மை. கட்டாயத்தின் பெயரால் கேட்டபோது இழிவு. மனமொப்பிக் கொடுத்தபோது இழிவில்லை. இவ்வேறுபாட்டை அன்று பலர் ஏற்கவில்லை. வாக்குறுதி காக்கப்படவில்லை என்றானதும், அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் அச்சீட்டுகளையே அண்டாவில் இட்டுக் கொளுத்தினர். கொடுத்த இசைவை மீட்டுக்கொள்ளும் உரிமை என்று இன்றைய சட்டங்கள் ஒன்றைப் பேசுகின்றன. அன்று அதற்குத் தீ வேண்டியிருந்தது.

இந்தியாவில் அஞ்சலும் தந்தியும் பரவியபோது, 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும், எந்நிலையில் அரசாங்கம் பிறர் செய்தியை இடைமறிக்கலாம் என வரையறுத்தன. அவை பெரும்பாலும் அரசாங்கத்தின் அதிகாரத்தைப் பேசினவேயன்றிக் குடிமகனின் அந்தரங்கத்தை ஓர் உரிமையாகப் பேசவில்லை. அவ்வுரிமை நீதிமன்றங்களில் மெல்ல மெல்லவே முளைத்தது. முளைத்ததும் இருமுறை கிள்ளப்பட்டது. 1954-இல் எம். பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகளும், 1962-இல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் அடங்கிய ஆயத்தின் பெரும்பான்மையினரும், நம் அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமை இல்லை என்னும் கருத்தில் தீர்ப்பளித்தனர். ஆயினும் நள்ளிரவில் போலீசார் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பதைக் கரக் சிங் தீர்ப்புச் செல்லாதென்றது. அவ்வழக்கில் மாறுபட்டு எழுதிய நீதிபதி கே. சுப்பா ராவ், அந்தரங்கம் தனிமனிதச் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்றார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர் அவர்.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இவ்வரலாற்றில் மைல்கல்லாக நிற்கிறது. மரணதண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் என்பவரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வார இதழ் வெளியிட முற்பட்டது. சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7-இல் வந்த தீர்ப்பு, 'என்னை என்பாட்டுக்கு விடு' என்று கூறும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு எனவும், அது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் உள்ளடங்கியது எனவும் மொழிந்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும், அதிகாரிகள் தம் பெயர் கெடும் என்று அஞ்சி முன்கூட்டியே ஒரு நூலைத் தடுக்க இயலாது என்றும் அதே தீர்ப்புக் கூறியது. அந்தரங்கம் எளியோருக்குக் காப்பு, அதிகாரத்துக்குத் திரையன்று. ராஜகோபால் வழக்கு என்னும் பெயரில் இது இன்றும் எடுத்தாளப்படுகிறது.

இவ்விடத்தில் மேலை நாடுகளின் பக்கம் சற்றுத் திரும்ப வேண்டும். ஏனெனில் 'அறிவிப்பு' என்னும் கருவி அங்கே உருவானது. கணிப்பொறிகள் அரசாங்க அலுவலகங்களில் புகுந்த காலத்தில், 1970-இல், ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1973-இல் ஸ்வீடன் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் செய்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கக் குழு ஒன்று, இரகசியப் பதிவேடு என ஒன்று இருத்தலாகாது, தன்னைப் பற்றி என்ன குறிக்கப்பட்டுள்ளது என்பதை ஒருவன் அறிய வழி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மறு ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்க அரசாங்கத் துறை ஒரு படிவத்தைக் கொடுத்து விவரம் கேட்டால், எந்த அதிகாரத்தால் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது, கொடுக்காவிடில் என்ன நேரும் என்பவற்றை அப்படிவத்திலேயே சொல்ல வேண்டும். இன்று நம் திரையில் தோன்றும் அறிவிப்பின் பாட்டன் இந்தப் படிவ வாசகமே.

அரசாங்கத்துக்கு இட்ட கட்டளை வணிகருக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1998-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1,400-க்கு மேற்பட்ட இணையத்தளங்களைப் பார்வையிட்டது. வணிகத் தளங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விவரம் திரட்டின. அதைப் பற்றி ஏதேனும் சொன்னவை நூற்றுக்கு 14 மட்டுமே. 2003-இல் கலிபோர்னியா மாநிலம், தன் குடிகளிடம் விவரம் திரட்டும் எந்த வணிகத் தளமும் தன் நடைமுறையைக் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2004 ஜூலை முதல் நாளில் அது நடப்புக்கு வந்தது. கலிபோர்னியர் நுழையாத தளம் ஏது? ஆகவே ஒரு மாநிலத்தின் சட்டம் உலகெங்கும் தளங்களின் அடியில் ஒரு சிறிய வரியைச் சேர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1995-லேயே தன் நெறிமுறையை வகுத்திருந்தது. 2018 மே 25 முதல் நடப்புக்கு வந்த அதன் புதிய சட்டம், அறிவிப்புச் சுருக்கமாகவும் எளிய மொழியிலும் இருக்க வேண்டும் என்றது.

சுருக்கம் என்று சட்டம் சொல்வதற்கு நியாயம் உண்டு. ஓர் அமெரிக்கர் ஓராண்டில் தாம் காணும் தளங்களின் அறிவிப்புகளை எல்லாம் வாசித்தால் 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று 2008-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டனர். அம்மையாருக்காக நான் செலவிட்ட மாலையை நினைத்தால் அக்கணக்கை நம்பத் தயக்கமில்லை. அறிவிப்பு வைத்தாயிற்று, சட்டம் நிறைவேறிற்று. படிக்க இயலாதது வாசகரின் குறை என்று விட்டுவிடுவது வணிகருக்கு வசதியாயிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலில் இது குறித்துப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 43-அ என்னும் பிரிவு சேர்ந்தது. அதன்கீழ் 2011 ஏப்ரலில் விதிகள் வெளியாயின. நான்காம் விதி, விவரம் திரட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தனியுரிமைக் கொள்கையைத் தன் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்றது. என்னென்ன திரட்டப்படும், எதற்காக, யாருக்குக் கொடுக்கப்படும், எவ்வாறு பாதுகாக்கப்படும் என்பவை தெளிவாகவும் எளிதில் காணும்படியும் இருக்க வேண்டும். இந்திய இணையத்தளங்களின் அறிவிப்புகள் பலவும் இவ்விதியின் பிள்ளைகள். ஆனால் எந்த மொழியில் தெளிவாக? விதி அதைச் சொல்லவில்லை. சொல்லாதபோது ஆங்கிலம் தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும் என்பதை அலுவலகத்தில் நாள்தோறும் பார்க்கிறவன் நான்.

இதற்கிடையில் ஆதார் வந்தது. பத்து விரல்களும் இரு கண்களும் மீண்டும் பதிவாயின. டிரான்ஸ்வாலின் நினைவு பலருக்கு எழுந்ததில் வியப்பில்லை. 2012-இல், எண்பது வயதைக் கடந்திருந்த ஓய்வுபெற்ற கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி உச்சநீதிமன்றம் சென்றார். அந்தரங்க உரிமை என ஒன்று இல்லை என்னும் 1954, 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளை அரசாங்கத் தரப்பு எடுத்துக் காட்டியது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து கேட்டு, 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாக, அஃது அடிப்படை உரிமையே என்றனர். சுப்பா ராவ் தனித்து நின்று எழுதிய கருத்து 55 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. மறு ஆண்டு வந்த தீர்ப்பு ஆதாரைப் பெரும்பான்மையாக ஏற்றது. ஆனால் தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதைத் தடுத்தது. புட்டசாமி அவர்கள் 2024-இல் காலமானார்.

அத்தீர்ப்பின் நிழலில், நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் ஒரு மசோதாவை வரைந்தது; 2019-இல் வேறொரு வடிவம் நாடாளுமன்றம் வந்தது; 2022-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒருவழியாக 2023 ஆகஸ்டு 11-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்புக் கடமை முதலியவற்றுக்குப் பதினெட்டுத் திங்கள் அவகாசம். அதாவது 2027 மே மாதத்தில் அவை நடப்புக்கு வர வேண்டும். பழைய 43-அ பிரிவை நீக்கவும் புதிய சட்டம் வகை செய்திருக்கிறது.

இச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இசைவு கேட்கும் முன்போ கேட்கும்போதோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. எந்த விவரம், எந்த நோக்கம், கொடுத்தவர் தம் உரிமைகளை எப்படிப் பயன்படுத்துவது, யாரிடம் முறையிடுவது, இவை அதில் இருத்தல் வேண்டும். வேறு வாசகங்களுக்கு நடுவே புதைத்து வைக்காமல், தனித்து நின்று விளங்கும்படி எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று விதிகள் சேர்த்துச் சொல்கின்றன. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே எளிதாயிருக்க வேண்டும். அண்டாவும் தீயும் இனி வேண்டியதில்லை. இக்கடமைகளில் தவறும் நிறுவனத்துக்கு ரூ. 50 கோடி வரையிலும், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ. 250 கோடி வரையிலும் தண்டம் விதிக்க இடமுண்டு.

எல்லாவற்றினும் எனக்குப் பெரிதாகப் பட்டது ஐந்தாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அட்டவணையில் 22 மொழிகள். தமிழ் தொடக்கத்திலிருந்தே அதில் உண்டு. வாய்ப்பு விவரம் கொடுப்பவருக்கு உரியது. அவர் வசிக்கும் மாநிலத்தைச் சட்டம் கேட்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் இருப்பதால் வங்காளியிலே படி என்றோ, புனேயில் இருப்பதால் மராத்தியிலே படி என்றோ யாரும் நமக்குச் சொல்ல இயலாது. சாந்த்ராகாச்சியிலிருந்தும் ஹௌராவிலிருந்தும் சென்னை செல்லும் ரயில்களில் வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகும் வங்காளக் குடும்பங்களை நாம் எப்போதும் காண்கிறோம். நோயாளியின் விவரத்தை அங்கே கேட்கும் திரையில் வங்காளி எழுத்தைக் காணும் உரிமை அவர்களுக்கும் இதே உட்பிரிவால் வருகிறது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஓர் அச்சமும் உண்டு. இப்போதே சில தளங்கள் தமிழ் அறிவிப்பு வைத்திருக்கின்றன. ஒன்றில், 'உங்கள் விவரங்களை நாங்கள் பதப்படுத்துவோம்' என்றிருந்தது. நெல்லிக்காயையும் மீனையும் பதப்படுத்துவார்கள். ஓய்வூதிய எண்ணை எப்படிப் பதப்படுத்துவது? பொறியிடம் ஆங்கிலத்தைக் கொடுத்து வாங்கிய தமிழ் அது. எழுத்துத் தமிழாயிருந்து பொருள் விளங்காவிட்டால் சட்டத்தின் சொல் பிழைக்கும்; அதன் கருத்துப் பிழைக்காது. 'எளிய மொழி' என்பதற்குத் தமிழில் அளவுகோல் என்ன, அதை யார் சோதிப்பது என்பவற்றுக்கு விதிகளில் விடை காணோம்.

குறைகள் இன்னும் உண்டு. மானியமோ உதவித்தொகையோ வழங்க அரசாங்கம் விவரங்களைப் பயன்படுத்தும்போது பல நிலைகளில் இசைவே தேவையில்லை என்கிறது ஏழாம் பிரிவு. இசைவு கேட்காத இடத்தில் ஐந்தாம் பிரிவின் அறிவிப்பும் இல்லை. நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அரசாங்கத் துறைகளுக்கு முழு விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் அதிகாரிகளுக்குத் திரையாகுமோ என்று பத்திரிகையாளர் பலர் கவலை தெரிவித்துள்ளனர். 1994-ஆம் ஆண்டு நக்கீரன் தீர்ப்பைப் படித்தவர்க்கு அக்கவலை எளிதில் விளங்கும்.

அன்று மாலை அம்மையாருக்கு அந்த வாசகத்தின் சாரத்தை எடுத்துச் சொன்னேன். பெயர், எண், இருக்கும் இடம், கைப்பேசியில் சேமித்துள்ள மற்றவர்களின் எண்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள். தங்கள் 'கூட்டாளிகளுக்கு'க் கொடுப்பார்கள். கூட்டாளிகள் யாவர் என்று எழுதவில்லை என்றேன்.

"மற்றவர்களின் எண் என்றால், என் பேரன் எண்ணுமா?"

"ஆம் அம்மா."

"அவனைக் கேட்டார்களா?"

நான் மீண்டும் அவ்வாசகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அம்மையார் கைப்பேசியை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவனைக் கேட்டுவிட்டு அழுத்துவதாகச் சொல்லி எழுந்தார். இன்றும் திங்களின் முதல் வாரத்தில் பாஸ் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ராம்ராஜாதலாவிலுள்ள வங்கிக்குத்தான் போய்வருகிறார்.